காலை பறவைக்கு, மதியம் நாய்க்கு: பொன்னேரிப் பக்கத்து மார்கழி வார இறுதிகள்

வடசென்னையில் பல குடும்பங்களுக்கு மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை பக்கம் தாத்தா காலத்து நிலம் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கும். மழை ஓய்ந்து பனி இறங்கியதும் சனி, ஞாயிறுகளில் அங்கே போகும் ஆசை வந்துவிடும். நாயையும் வண்டியில் ஏற்றி, கழுத்தில் பைனாகுலரும் மாட்டிக்கொண்டு விடியலில் போய் இறங்குவார்கள். கதவு திறந்ததும் நாய் நேராகக் குட்டைக்குள் பாயும். ராத்திரி முழுக்க அங்கே மேய்ந்த சிறகி வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பி ஆரணியாற்றுப் பக்கம் போய்விடும். அன்றைக்குப் பார்க்க மிச்சமிருப்பது மைனாவும் காக்காயும்தான்.

நாய் மேல் தப்பில்லை. அதற்கும் பறவைக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்ததுதான் தப்பு. பொழுது விடிந்து முதல் இரண்டு மணி நேரம் பறவைக்கு. ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை நாய்க்கு. பொழுது சாயும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து, ஆனால் நாய் கயிற்றில். இந்தக் கணக்கு பிசகாமல் இருந்தால் ஒரே நிலத்தில் இரண்டு சுகமும் கிடைக்கும்.

மார்கழி, தை மாதங்களில் நம் பக்கம் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6:20க்கும் 6:35க்கும் இடையில். ஆகவே வெள்ளிக்கிழமை ராத்திரியே போய்த் தங்குவதுதான் உத்தமம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் டிபிபி (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையில் விடியலில் மாட்டிக்கொண்டால் எட்டு மணிக்குத்தான் வரப்பில் கால் வைப்பீர்கள், அதற்குள் பாதி கச்சேரி முடிந்திருக்கும். நாய் இல்லாமல் போகிற அன்றைக்கு கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலே போதும்.

காலை 5:30க்கு நாயை எழுப்பி, குட்டைக்கு எதிர்த் திசையில் பத்து நிமிடம் நடத்தி, வேலை முடித்ததும் வீட்டின் பின்பக்கம் கட்டிவிடுங்கள். வயலும் குட்டையும் கண்ணில் படாத இடமாக இருக்க வேண்டும். மறைப்புக்கு இரண்டு கோணியைத் தைத்துத் தொங்கவிட்டால் போதும். வெறுமனே கட்டிப் போட்ட நாய் குரைத்தே தீர்த்துவிடும் என்பதால் வாய்க்கு வேலை வேண்டும். முதல்நாள் ராத்திரியே உப்பில்லாத தயிர்சாதத்தை நன்றாகப் பிசைந்து கொட்டாங்கச்சியில் அழுத்தி, ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கொடுத்தால் இருபது நிமிடமாவது நக்கிக்கொண்டிருக்கும். கொட்டாங்கச்சியையே கடித்து நொறுக்குகிற நாயாக இருந்தால் கனமான எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பைனாகுலரில் ஒரு விஷயம். ஏசி போட்ட காரிலிருந்தோ அறையிலிருந்தோ எடுத்துவந்ததும் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிடும், துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். பதினைந்து நிமிடம் முன்னாலேயே திண்ணையில் எடுத்து வைத்துவிட்டால் வெளிக்காற்றின் சூட்டுக்கு அதுவும் வந்துவிடும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத்தான் தெரியும். மார்கழி விடியலின் மங்கல் வெளிச்சத்துக்கு 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி சரியாக இருக்கும்.

உட்காரும் இடம் குட்டைக்குக் கிழக்கே இருக்கட்டும். சூரியன் முதுகில் பட்டால்தான் பறவையின் நிறம் தெரியும், எதிரே பட்டால் எல்லாமே கறுப்பு நிழல்தான். நாலு மூங்கில் நட்டு, பனையோலையை இடுப்புயரத்துக்குக் கட்டி, அதன் பின்னால் ஒரு முக்காலி போட்டுவிட்டால் மறைவு தயார். ஓலையை வெள்ளிக்கிழமை கட்டிவிட்டு சனிக்கிழமையே எதிர்பார்க்காதீர்கள். புதிதாக முளைத்த எதையும் பறவைகள் சில நாட்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

எந்தப் பறவை வரும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம். விரல்கடை ஆழத்தில் சேற்றைக் கிளறித் தின்னும் உள்ளான்கள், கணுக்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளானும் கொக்கும், முழங்கால் ஆழத்துக்கு மேல் வாத்துகளும் நாமக்கோழியும். அதனால்தான் நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பண்ணைக்குட்டையில் ஒரு உள்ளான்கூட இறங்குவதில்லை. ஒரு பக்கத்தையாவது ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கில், அதாவது ஓரடி ஆழத்துக்கு ஐந்தடி நீளமாகச் சரித்து வெட்டினால், தை மாதம் தண்ணீர் வற்ற வற்றப் புதுச் சேறு விளிம்பு வெளியே வந்துகொண்டே இருக்கும். தார்ப்பாய் விரித்த குட்டையாக இருந்தால் இன்னும் அவசரம். வழுக்கும் பிளாஸ்டிக்கில் விழுந்த கீரியோ முயலோ நாயோ ஏறி வர முடியாமல் நீந்தி நீந்தியே செத்துப்போகும். தேங்காய் நார்க் கயிற்றில் முடிச்சு போட்டோ, பழைய மீன்வலையை மடித்தோ, மூலைக்கு ஒன்றாகத் தண்ணீருக்குள் வரை தொங்கவிட்டுக் கரையில் முளையடித்துக் கட்டுங்கள். காசிமேட்டில் கிழிந்த வலை கிடைப்பதில் பஞ்சமே இல்லை.

பார்க்கக் கிடைப்பவற்றில் வருஷம் முழுக்க இருப்பதும் பனிக்கு மட்டும் வருவதும் கலந்திருக்கும். மடையான், உண்ணிக்கொக்கு, செம்மூக்கு ஆள்காட்டி, நத்தைகுத்தி நாரை, வெண்மார்பு மீன்கொத்தி எல்லாம் நம் வீட்டுக்காரர்கள். கம்பியில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சான், வரப்போரம் வாலை ஆட்டி நடக்கும் மஞ்சள் வாலாட்டி, சேற்றில் பொரி உள்ளான், வயலுக்கு மேல் இறக்கையை ஆங்கில வி எழுத்துபோல் தூக்கிப் பிடித்துத் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்து, இவையெல்லாம் விருந்தாளிகள். பஞ்சுருட்டானில் சின்னதாகப் பச்சையாக இருப்பது உள்ளூர், அதைவிடப் பெரிதாக வால் நீலமாக இருப்பது பனிக்கால வரவு. அறுவடை முடிந்த ஈரத் தாளில் நடக்கும்போது காலடியிலிருந்து திடுக்கென்று எழுந்து கோணல்மாணலாகப் பறந்தால் அது கோரை உள்ளான். உட்கார்ந்த நிலையில் அதைக் கண்டுபிடிப்பது பழகின கண்ணுக்கே கஷ்டம்.

பழவேற்காடு பக்கத்தில்தான் இருக்கிறது, பூநாரைக்கு அங்கேதான் போக வேண்டும். ஆனால் மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் டிசம்பரில் ஓடாதீர்கள். ஏரி நிறைந்திருக்கும்போது பூநாரைக்குக் கால் எட்டாது, ஆழம் குறைந்த ஓரங்களுக்குச் சிதறிப் போயிருக்கும். தண்ணீர் வடியும் தை, மாசியில் போனால் கூட்டமாகப் பார்க்கலாம். அந்தப் பயணத்துக்கு நாய் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.

பொங்கல் விடுமுறையில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். காக்காயையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். அரிய பறவையை மட்டும் எழுதுகிற பட்டியலால் கணக்கெடுப்புக்குப் பெரிய உபயோகம் இல்லை.

ராத்திரி வந்து போனவர்களைப் பார்க்க மணல் தடம் போடலாம், குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. குட்டைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மூன்றடி அகலம், ஆறடி நீளத்துக்குச் சலித்த மணலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, சாயங்காலம் லேசாகத் தண்ணீர் தெளித்து, பலகையால் இழுத்துச் சமன் செய்யுங்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் ஒவ்வொரு தடமும் நிழலோடு தெரியும். வெயில் உச்சிக்கு ஏறியதும் அதே தடம் மறைந்துபோகும். நகம் பதிந்திருந்தால் நாய் வகை. நகமில்லாமல் வட்டமாக இருந்தால் பூனை வகை. ஐந்து விரலும் நீள நகமும் இருந்தால் கீரி. பின்னால் இரண்டு சின்னக் குழியும் முன்னால் இரண்டு பெரிய குழியுமாக இருந்தால் முயல் தாவியிருக்கிறது. முன்னால் விழுவது அதன் பின்னங்கால்.

குழப்பம் வருவது நரியிலும் நாயிலும். நரியின் தடம் நீள்வட்டமாக, ஒடுக்கமாக இருக்கும். நடு விரல் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருக்கும். வேலையாகப் போகிறவனைப்போல நேர்கோட்டில் போயிருக்கும். நாயின் தடம் அகலமாக, அங்கே மோந்து இங்கே திரும்பி, குடித்தவன் நடைபோல இருக்கும். நம் நாயின் தடத்தைத் தனியாக ஒருநாள் மணலில் பதித்து, அளவோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. நாவல் காலத்தில் வரப்புக் கல்மேல் கொட்டையாகவே எச்சம் கிடந்தால் அது மரநாய் போட்டது.

ஒன்பது மணிக்கு நாயை அவிழ்க்கலாம். ஆனால் அவிழ்ப்பதற்கு முன் அது கூப்பிட்டால் வருமா என்பது தெரிந்திருக்க வேண்டும். இதற்கு விசிலும் கயிறும் வேண்டும். முதலில் பதினைந்தடிக் கயிறு. விசில் ஒரு முறை ஊதியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. நாய் விசில் சத்தத்துக்கே தலையைத் திருப்ப ஆரம்பித்த பிறகு ஐம்பதடிக் கயிறு. கயிறு தரையில் இழுபட்டபடியே ஓடட்டும், வராவிட்டால் கயிற்றை மிதித்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் கெடுப்பது ஒரே இடத்தில்தான்: வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் விசில் ஊதுவது. நாலு தடவையில் நாய் புரிந்துகொள்ளும், விசில் என்றால் விளையாட்டு முடிந்தது என்று. பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தின்னக் கொடுத்துத் திரும்பவும் ஓடவிடுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி ஜாதி நாய் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவை முயல் விரட்டவே வளர்க்கப்பட்ட ஜாதி, கண்ணில் ஓடுகிற எதையும் விரட்டும். அப்போது விசிலும் காதில் விழாது, கோழியும் நினைவுக்கு வராது. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பிடித்தது நாய்தானே என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. வேலி போட்ட களத்துக்குள் மட்டும் அவிழ்த்துவிடுங்கள். இந்த மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு, ராஜபாளையத்துக்கும் சேர்த்துத்தான், வயிறு நிறையத் தின்ற சூட்டோடு ஓட்டம் கூடாது. வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராது, வயிறு மேளம்போல உப்பும். சில மணி நேரத்தில் உயிரே போகும். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து ஓடட்டும். (ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வந்திருக்கிறது. நாட்டு ஜாதிக் குட்டி வேண்டுமென்றாலும் கண்ட விளம்பரத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்.)

இருபது கிலோ நாய்க்கு சாதாரண நாளில் ஆயிரம் கலோரி அளவுக்குச் சாப்பாடும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரும் வேண்டும். ஓடி ஆடுகிற நாளில் இரண்டும் கூடும். குளிர்காலம்தானே என்று தண்ணீரை மறந்துவிடுவதுதான் நடக்கிறது. தாகம் எடுத்தால் அது வயல் தண்ணீரைக் குடிக்கும், அதில் பூச்சிக்கொல்லிக் குருணை போட்டிருந்தால் வினையே அதுதான். வீட்டுத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோய் மூன்று இடத்தில் வையுங்கள். பொங்கலன்று பாசத்தில் சர்க்கரைப் பொங்கலை ஊட்டாதீர்கள். அதில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், சாக்லேட், வெந்த கோழி எலும்பும் ஆகாது.

நாய்த் தடுப்பூசியைப் பறவை பார்க்கும் பதிவில் ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். நாயிடமிருந்து நரிக்கும் கீரிக்கும், அவற்றிடமிருந்து நாய்க்கும் வெறிநோய் தாவும். டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயும் நரியைத் தாக்கும். மழைக்குப் பின் எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் காத்திருக்கும். ஆகவே பண்ணைக்குப் போகிற நாய்க்கு வெறிநோய் ஊசி வருஷம் தவறாமல், பல நோய்க் கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சலும் சேர்ந்ததாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுப் பூச்சி மருந்து. குட்டியாக இருந்தால் கூட்டு ஊசித் தவணைகள் பதினாறு வாரம் வரை போகும், அதற்குள் அதைப் பண்ணைக்குக் கூட்டிப்போக வேண்டாம். பண்ணையிலேயே கிடக்கும் ஊர் நாய்களுக்கும் ஊசி போட்டுவிடுங்கள். உங்கள் நாயை மட்டும் காப்பாற்றிப் பிரயோஜனம் குறைவு.

எலி விஷம் வைக்கிற பண்ணையில் நாயும் ஆந்தையும் நிலைக்காது. ரத்தம் உறையாமல் செய்யும் விஷக்கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடிப்பது சுலபம் என்பதால் கூகையும் நாயும் அதைத்தான் பிடிக்கும். நாயில் அறிகுறி தெரிய சில நாளாகும்: ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். விஷத்தின் உறையை எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர் வைட்டமின் கே1 ஆரம்பிக்க நேரம் மிச்சம். விஷத்துக்குப் பதிலாக ஏக்கருக்குப் பதினைந்து இருபது இடத்தில் குறுக்குக் கட்டை அடித்த குச்சிகளை நட்டால் பகலில் கரிச்சானும் ராத்திரியில் ஆந்தையும் வந்து உட்காரும். வளை தோண்டி எலி பிடிக்கும் இருளர்கள் உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள், அவர்கள் கைப்பக்குவத்துக்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை.

அறுவடை நாளில் நாய் கட்டிலேயே இருக்கட்டும். கதிர் அறுக்கும் எந்திரத்துக்காரர் வழக்கமாக வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி வருவார். முயலும் கீரியும் காடைக் குஞ்சும் நடுவில் மிஞ்சின திட்டில் போய் முடங்கிக் கடைசியில் சிக்கிக்கொள்ளும். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரத்துக்கு அறுத்துக்கொண்டே போகச் சொன்னால் எல்லாம் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். டீசல் சிறிது கூடலாம். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நாலரை மணிக்கு மேல் நாயும் நீங்களும் சேர்ந்து நடக்கும் நேரம். ஆறடிக் கயிறு, அகலமான மார்புப்பட்டை. இப்போது நாய்தான் உங்கள் கருவி. மூக்கைத் தரையில் புதைத்தபடி இழுத்தால் பழைய தடம். தலையைத் தூக்கிக் காற்றில் மோந்தால் எதிர்க்காற்றில் ஏதோ உயிரோடு இருக்கிறது, நின்று அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்புங்கள். மரத்தைப் பார்த்துக் காது விறைத்தால் மரநாயோ ஆந்தையோ. புல்லைப் பார்த்து முன்னால் போவதும் பின்னால் துள்ளுவதுமாக இருந்தால் அநேகமாகப் பாம்பு. பேச்சே வேண்டாம், பத்தடி பின்னால் இழுத்து வந்த வழியே திரும்புங்கள். ஆள்காட்டி விடாமல் கத்தினாலும், மைனாவும் கொண்டைக்குருவியும் ஒரே புதரைச் சுற்றி ஆர்ப்பாட்டம் செய்தாலும் அங்கேயும் ஏதோ இருக்கிறது. இருட்டின பிறகு டார்ச்சை நெற்றி உயரத்தில் பிடித்துப் பாருங்கள். கண் பச்சை மஞ்சளாக மின்னினால் பூனையோ நரியோ. பாதையில் தாழ்வாகச் சிவப்பாக மின்னினால் ராத்திரிப் பறவையான பக்கி. புல்லில் பனித்துளிபோல் மின்னுகிற நூறு புள்ளிகளும் சிலந்தி.

பனிக்காலத்தில் பாம்பு வராது என்பது நம் பக்கம் செல்லாத பேச்சு. கண்ணாடி விரியன் இணைசேரும் பருவமே இதுதான். காலை வெயிலில் வரப்பு மேலும் வைக்கோல் போரடியிலும் சுருண்டு காயும். குக்கர் விசில்போலச் சீறினால் அதுதான். நாயைக் கடித்தால் முகமோ காலோ மளமளவென்று வீங்கும். நல்ல பாம்பு என்றால் எச்சில் வடியும், கால் துவளும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். எல்லா நாய் மருத்துவமனையிலும் விஷமுறிவு மருந்து இருக்காது என்பதால் வண்டியிலிருந்தே போன் போட்டுக் கேளுங்கள். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை எண்ணையும் பொன்னேரிப் பக்கம் ஒரு மருத்துவர் எண்ணையும் முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பது நல்லது. மனிதர்களுக்குப் போடும், நாலு வகைப் பாம்பு விஷத்துக்கும் சேர்த்த அதே மருந்துதான் நாய்க்கும், பல குப்பி தேவைப்படலாம். ஆளைக் கடித்தால் 108, நேரே அரசு மருத்துவமனை. ராத்திரி தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையைச் செருகிப் படுத்தால் கட்டுவிரியன் பயம் பாதி குறையும்.

போகியன்று விடியலில் ஊருக்குக் கிளம்பவே வேண்டாம். பனியும் புகையும் சேர்ந்து முன்னால் போகும் வண்டியே தெரியாது, நாயின் மூக்குக்கும் ஆகாது. அதே வாரத்தில்தான் மரங்களில் மாஞ்சா நூல் தொங்கும். நீளக் கம்பில் கொக்கி கட்டி எடுத்துவிடுங்கள், அதில் சிக்கும் ஆந்தைக்கு இறக்கை போய்விடும்.

ஞாயிறு சாயங்காலம் வண்டியில் ஏற்றும் முன் நாயைத் துண்டால் ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரலிடுக்கு, காதுமடலின் உள்பக்கம், அக்குள், வாலடி. உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் அது உள்ளே இன்னும் கக்கும். எடுத்ததை நசுக்காமல் ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள். காய்ந்த ஊசிப்புல் விதை காதுக்குள் போயிருந்தால் நாய் ஒரு பக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், அதைக் குச்சி விட்டுக் கிளறாமல் மருத்துவரிடம் விடுங்கள். சீமைக் கருவேல முள் பாதத்தில் ஒடிந்திருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிறகு எடுக்கலாம். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், தீனி வெறுப்பு, ஈறு வெளுப்பு எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கேளுங்கள், உண்ணி கடித்த தேதியையும் சொல்லி.